மழைக்கு முந்தும் கணக்கு: கழிவுநீரை எதிர்வுகூறி வழிநடத்தும் நகரங்கள்

ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்றொரு நகரம் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வாழும் ஊர். அந்த ஊருக்குச் சோறு போட்ட ஸ்டூடிபேக்கர் கார்த் தொழிற்சாலை 1963ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. அதன் பின்னர் ஆட்களும் குறைந்தார்கள், வரி வருமானமும் குறைந்தது. இந்த நகரத்தின் மீது 2011 டிசெம்பரில் ஒரு பெரிய செலவு வந்து விழுந்தது. ஒவ்வொரு மழைக்கும் நகரின் கழிவுநீர் சென் ஜோசப் ஆற்றில் கலக்கிறது, அதை நிறுத்துவதற்கான கட்டுமானங்களைச் செய்து முடிக்க வேண்டும் என்று மத்திய அரசுடன் நீதிமன்ற இணக்க ஆணை ஒன்று ஏற்பட்டது. நிலத்தடித் தாங்கிகள், புதிய குழாய்கள், சுத்திகரிப்பு நிலைய விரிவாக்கம் என்று வேலைப் பட்டியல் நீண்டது. அதற்கான செலவு முதலில் 500 மில்லியன் டொலருக்கு மேல் என மதிப்பிடப்பட்டது. பின்னர் அந்த மதிப்பீடு 700 மில்லியன் டொலரைத் தாண்டியது. நகரத்தில் வாழும் ஒவ்வொருவர் தலையிலும் 7,000 டொலர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2021இல், அதே ஆணை திருத்தி எழுதப்பட்டது. புதிய மதிப்பீடு சுமார் 276 மில்லியன் டொலர். ஆற்றைப் பாதுகாக்கும் இலக்கைக் கைவிட்டு இந்தக் குறைப்பு பெறப்படவில்லை. இடைப்பட்ட காலத்தில் நகரம் தன் குழாய்களுக்குள் என்ன நடக்கிறது என்பதை நிமிடக் கணக்கில் அளந்து வைத்திருந்தது. அந்த அளவீடுகளைக் கொண்டு குழாய்களை இயக்கவும் பழகியிருந்தது. எவ்வளவு கொங்கிறீற் உண்மையில் தேவை என்பதை அதனால் காட்ட முடிந்தது.

எதிர்வுகூறலும் உகப்பாக்கமும் என்று பொறியியலாளர்கள் சொல்வது இதைத்தான். அடுத்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் எங்கே எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே கணிப்பது எதிர்வுகூறல். கையில் இருக்கும் குழாய், பம்பி, வால்வு, தாங்கி ஆகியவற்றை வைத்து அந்தத் தண்ணீரைச் சமாளிக்கும் வழிகளுள் ஆகச் சிறந்ததைக் கணக்கிட்டுத் தேர்வது உகப்பாக்கம். இந்தத் தொழில்நுட்பம் எப்படி வேலை செய்கிறது, எங்கே கைவிடுகிறது, அதில் பொதுமக்கள் கேட்க வேண்டிய கேள்வி எது என்பதையே இக்கட்டுரை பார்க்கிறது.

ஒரே குழாயில் இரண்டு நீர்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்த நகரங்கள் பலவற்றில் மழைநீரும் மலசலகூடக் கழிவும் ஒரே குழாயில் ஓடுகின்றன. அக்காலத்தில் அது சிக்கனமான வழி. வீதியில் விழும் மழையே குழாயைக் கழுவிக்கொண்டு போகும் என்று கருதினார்கள். குழாயின் மறுமுனை ஆற்றில் இருந்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் பிற்காலத்தில்தான் வந்தன. அப்போது, ஆற்றங்கரை நெடுகிலும் ஒரு பெருங்குழாயைப் புதைத்து, பழைய குழாய்கள் ஆற்றுக்குப் போகுமுன் அவற்றிலிருந்து நீரை வாங்கிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகச் செய்தார்கள்.

பழைய குழாய் பெருங்குழாயைச் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு குறுகிய வாயும் ஒரு தாழ்ந்த தடுப்புச் சுவரும் இருக்கும். வெயில் நாட்களில் வருகின்ற கழிவு முழுவதும் குறுகிய வாயினூடாகப் பெருங்குழாய்க்குப் போய்விடும். பெருமழை பெய்தால் நீர் பல மடங்கு பெருகும். வாய் கொள்ளாத மிச்சம் தடுப்புச் சுவரின் மேலால் வழிந்து நேரே ஆற்றுக்குப் போகும். இந்த வழிதல் தற்செயலான பழுது அல்ல. வீடுகளுக்குள் கழிவு மேலெழுந்து வராமல் இருக்கவென்று திட்டமிட்டு வைக்கப்பட்ட வழி அது.

அமெரிக்காவில் ஏறத்தாழ 700 உள்ளூராட்சி நிர்வாகங்களில் இப்படிப்பட்ட இணைந்த கழிவுநீர்த் தொகுதிகள் இருக்கின்றன. அங்குள்ள சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2004இல் காங்கிரஸுக்குச் சமர்ப்பித்த அறிக்கையில், ஆண்டுதோறும் 850 பில்லியன் கலன் சுத்திகரிக்கப்படாத நீர் இவ்வாறு வெளியேறுவதாக மதிப்பிட்டிருந்தது. மழைநீரும் மலமும் தொழிற்சாலைக் கழிவும் கலந்த நீர் அது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. அந்தக் குறுகிய வாய்களின் அளவு, நகரம் முழுவதும் ஒரே சீராக மழை பெய்கிறது என்று எண்ணித் தீர்மானிக்கப்பட்டது. எல்லா வாய்களும் ஒரே நேரத்தில் நிரம்பி ஓடினாலும் பெருங்குழாய் தாங்க வேண்டும் அல்லவா? ஆனால் மழை அப்படிப் பெய்வதில்லை. நகரின் வடக்கே கொட்டும்போது தெற்கே தூறலாக இருக்கும். அந்த நேரத்தில் வடக்கே கழிவுநீர் ஆற்றில் வழிந்துகொண்டிருக்கும், தெற்கே குழாய் அரைவாசி வெறுமையாகக் கிடக்கும். சொந்தக் குழாயில் இடம் இருக்கும்போதே நகரம் ஆற்றை அழுக்காக்கிக்கொண்டிருக்கும். குழாய் மண்ணுக்கடியில் கிடப்பதால் இது யாருக்கும் தெரியாது.

மூடிக்குக் கீழே அஞ்சல் ஓட்டம்

சவுத் பெண்டில் இதைக் கண்ணால் பார்க்கும் முயற்சி, நகரின் எல்லையில் இருக்கும் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பேராசிரியர் மைக்கல் லெமன், அதே பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்த லூயிஸ் மொண்டெஸ்ட்ரூக்கே ஆகியோர் கம்பியில்லா உணரிகளைக் கழிவுநீர்க் குழாய்களுக்குள் பொருத்தும் வேலையில் இறங்கினார்கள். மொண்டெஸ்ட்ரூக்கே இதற்காகவே எம்நெட் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் உருவாக்கிய கருவிக்கு வைத்த பெயர் சாஸ்கி. இன்கா பேரரசில் மலைப்பாதைகளில் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குச் செய்தியை மாற்றி மாற்றி ஓடிக் கொண்டுசேர்த்த தூதர்களின் பெயர் அது. கருவியும் அப்படியே வேலை செய்தது. ஓரிடத்தில் அளந்த நீர்மட்டத்தை அடுத்த கருவிக்குச் சொல்லும், அது அதற்கடுத்ததற்குச் சொல்லும், இறுதியில் செய்தி கட்டுப்பாட்டு அறைக்கு வந்துசேரும்.

2008 அளவில் நகரின் குழாய்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் உணரிகள் பொருத்தப்பட்டுவிட்டன. பின்னர் மழைமானிகளையும் சேர்த்து அந்த எண்ணிக்கை 150ஐத் தாண்டியது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வோர் இடத்திலும் நீரின் ஆழமும் ஓட்டமும் பதிவாகின.

முதலாவது பலன் கிடைத்தபோது எதிர்வுகூறலும் இருக்கவில்லை, உகப்பாக்கமும் இருக்கவில்லை. மழையே இல்லாத நாட்களிலும் சில இடங்களில் கழிவு ஆற்றில் வழிந்துகொண்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. காரணம் அடைப்பு. கொழுப்பு, மணல், துணி, மரவேர் ஏதோ ஒன்று குழாயின் வாயை மறித்திருக்கும். முன்பெல்லாம் யாராவது ஆற்றோரம் நடக்கும்போது நாற்றத்தைக் கண்டு முறையிட்டால்தான் தெரியும். இப்போது நீர்மட்டம் வழக்கத்துக்கு மாறாக ஏறுவதைக் கண்டதும் துப்புரவுக் குழுவை அனுப்பினார்கள். உணரிகள் வந்த முதல் ஆண்டிலேயே வரண்ட கால வழிதலை நகரம் ஏறக்குறைய முற்றாக நிறுத்தியது.

குழாய்க்குள் ஓர் ஏலம்

இரண்டாவது கட்டம் 2012இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. பிற்காலத்தில் அமெரிக்காவின் போக்குவரத்துச் செயலாளராக வந்த பீட் புட்டிஜெஜ் மேயராகப் பதவியேற்ற ஆண்டு அது. ஆற்றங்கரைப் பெருங்குழாயைச் சந்திக்கும் முக்கியமான ஒன்பது இடங்களில் கூடுதல் இணைப்புக் குழாய்களும் அவற்றில் தானாகத் திறந்து மூடும் வால்வுகளும் வைக்கப்பட்டன. இப்போது குறுகிய வாயின் அளவு நிரந்தரமானதல்ல. நிலைமைக்கேற்ப அகலவும் ஒடுங்கவும் அதனால் முடியும்.

எந்த வால்வை எப்போது எவ்வளவு திறப்பது என்பதுதான் கேள்வி. ஒன்றைத் திறந்தால் பெருங்குழாயின் கீழ்ப்பகுதி நிரம்பி மற்றொரு பகுதியின் கழிவு வழிய நேரிடலாம். ஒன்பது வால்வுகள், நூற்றுக்கும் மேற்பட்ட அளவீடுகள், ஓயாமல் மாறும் மழை. கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் ஒருவர் மனக்கணக்காக இதைச் செய்துவிட முடியாது.

அவர்கள் தெரிவுசெய்த தீர்வு ஒரு சந்தை. மீன் சந்தையில் ஏலம் கூறுவதைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமாக இராது. ஒவ்வொரு பகுதிக்கும் மென்பொருளில் ஒரு முகவர் இருக்கிறார். தன் பகுதியில் நீர் ஏறி வழியும் ஆபத்து கூடக் கூட, பெருங்குழாயில் இடம் வாங்க அவர் அதிக விலை கேட்பார். பெருங்குழாயில் இடம் குறையக் குறைய, அங்கே விலை ஏறும். தூறல் மட்டும் விழும் பகுதியின் முகவருக்கு அந்த விலை கட்டாது. அவருடைய வால்வு ஒடுங்கும், அவருடைய நீர் சொந்தக் குழாயிலேயே சிறிது நேரம் தேங்கி நிற்கும். கொட்டுகின்ற பகுதியின் முகவர் விலை கொடுத்து வாங்குவார், அவருடைய வால்வு அகலும். இதில் உண்மையான பணம் கைமாறுவதில்லை. ஆனால் இடம் யாருக்கு அவசரமாகத் தேவையோ அவருக்குப் போய்ச்சேர்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதிய அளவீடுகளுடன் மறுபடியும் ஏலம் நடக்கும்.

2014 அளவில் நகரின் கழிவுநீர் வழிதல் ஏறத்தாழ 70 வீதத்தால் குறைந்திருந்தது. ஆண்டுக்குச் சுமார் ஒரு பில்லியன் கலன், அதாவது ஏறத்தாழ 3.8 பில்லியன் லீற்றர் கழிவுநீர் ஆற்றுக்குப் போகாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது. 1,500 ஒலிம்பிக் நீச்சல் தடாகங்களை நிரப்பும் அளவு இது. மலக்கலப்பைக் காட்டும் ஈகோலி பக்டீரியாவின் செறிவு ஆற்றில் பாதிக்கும் கீழே இறங்கியது. எம்நெட் நிறுவனத்தை 2018இல் சைலம் என்ற பெரிய நீர்த் தொழில்நுட்ப நிறுவனம் வாங்கிக்கொண்டது.

மழை வருமுன்

சவுத் பெண்டின் ஏலம் பெரும்பாலும் இப்போதைய நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கிறது. இன்னொரு வழி, வரப்போவதையும் கணக்கில் எடுப்பது. கனடாவின் கியூபெக் நகரம் 1999 முதலே தன் கழிவுநீர்த் தொகுதியின் ஒரு பகுதியை மழை எதிர்வுகூறலுடன் இயக்கி வந்திருக்கிறது. இத்துறையின் முன்னோடி நகரங்களுள் அது ஒன்று.

இந்த முறையைச் சதுரங்க ஆட்டக்காரரின் யோசனைக்கு ஒப்பிடலாம். அவர் ஐந்தாறு நகர்வுகளை மனதில் ஓட்டிப் பார்க்கிறார். ஆனால் ஒன்றைத்தான் நகர்த்துகிறார். எதிராளி ஆடியபின் முழுவதையும் மறுபடி யோசிக்கிறார். கணினியும் அப்படித்தான். குழாய்த் தொகுதியின் கணித மாதிரி ஒன்று அதனிடம் இருக்கும். அடுத்த இரண்டு மணிநேர மழையை அந்த மாதிரிக்குள் விட்டு, வால்வுகளையும் பம்பிகளையும் பல்வேறு விதமாக இயக்கிப் பார்க்கும். ஆகக் குறைந்த சேதம் தரும் திட்டத்தைக் கண்டுபிடிக்கும். அத்திட்டத்தின் முதல் ஐந்து, பத்து நிமிடங்களுக்கு உரிய கட்டளைகளை மட்டும் அனுப்பும். பின்னர் உண்மையில் என்ன நடந்தது என்று அளந்து, முழுக் கணக்கையும் புதிதாகத் தொடங்கும். கணிப்பு சற்றுப் பிழைத்தாலும் அடுத்த சுற்றில் திருத்திக்கொள்ள முடிவதே இதன் பலம்.

மழை எங்கிருந்து தெரியவருகிறது? பெரும்பாலும் வானிலை ராடாரிலிருந்து. மேகக்கூட்டம் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பார்த்து, அதே போக்கில் நீட்டிப் பார்த்தால் அடுத்த ஓரிரு மணிநேரத்துக்குப் பயன்படக்கூடிய கணிப்பு கிடைக்கும். அதற்கு மேல் போனால் நம்பகம் விரைவாகக் குறையும். அதனால் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் பொறியியலாளர்கள் ஒரே ஓர் எண்ணை நம்பவில்லை. அங்கு உருவாக்கப்பட்ட டோரா என்ற முறை, எதிர்வுகூறல் எந்த அளவுக்குப் பிழைக்கக்கூடும் என்பதையும் கணக்கில் சேர்க்கிறது. ஒவ்வொரு தாங்கியும் வழியும் ஆபத்து எவ்வளவு என்பதை நிகழ்தகவாகக் கணித்து, மொத்த ஆபத்தைக் குறைக்கும் வகையில் நீரைப் பங்கிடுகிறது.

எதிர்வுகூறலின் பயன் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலிலும் தெரியும். கழிவைத் தின்று நீரைத் தூய்மையாக்குவது அங்கே தொட்டிகளில் வளர்க்கப்படும் நுண்ணுயிர்கள். மழைநீர் திடீரெனப் பாய்ந்து வந்தால் அந்த நுண்ணுயிர்ச் சேறு அடித்துச் செல்லப்படும். அது மீண்டும் வளர நாட்கள் ஆகும். ஒன்றிரண்டு மணிநேரம் முன்னதாக எச்சரிக்கை கிடைத்தால், காற்றூட்டும் தொட்டிகளில் காற்றை நிறுத்திச் சேற்றை அங்கேயே படிய வைக்கலாம். வெள்ளம் மேலால் கடந்துபோகும், உயிர்கள் அடியில் தங்கிவிடும். டென்மார்க்கின் பல நிலையங்கள் இந்த உத்தியால், புதிய தொட்டி கட்டாமலே மழைக்காலத்தில் கூடுதலான நீரை ஏற்கின்றன. வழக்கமான நாட்களிலும் நன்மை உண்டு. சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் மின்செலவில் ஏறக்குறைய பாதி காற்றூட்டுவதற்கே போகிறது. வரப்போகும் கழிவின் அளவை அறிந்து காற்றைக் கூட்டிக் குறைத்தால் மின்கட்டணம் இறங்கும்.

எந்த நீருக்கு என்ன விலை?

இதுவரை சொன்னவை பொறியியல். இனி வருவதை ஓர் அரசியல் கேள்வியாகவே நான் பார்க்கிறேன்.

"ஆகச் சிறந்தது" என்று கணினி ஒன்றைத் தேர வேண்டுமானால், எது சிறந்தது என்று முதலில் யாராவது அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கோப்பன்ஹேகனின் முறையில், கழிவு வழியக்கூடிய ஒவ்வோர் இடத்துக்கும் கனமீற்றருக்கு இவ்வளவு என்று ஒரு விலை குறிக்கப்படுகிறது. மக்கள் நீந்தும் துறைமுகப் பகுதிக்கு அருகே வழிந்தால் விலை அதிகம். அழுக்கைத் தாங்கக்கூடியது என்று கருதப்படும் நீர்ப்பகுதிக்கு விலை குறைவு. மொத்தச் செலவு ஆகக் குறையும்படி கணினி நீரைத் திருப்பும். ஒரு காலத்தில் கழிவு மிதந்த அத்துறைமுகத்தில் இன்று நகர மக்கள் நீந்துகிறார்கள் என்றால், பெரிய தாங்கிகளுக்கும் புதிய குழாய்களுக்கும் அடுத்தபடியாக இப்படிப்பட்ட கணக்குகளுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் அதே கணக்கை மறுபக்கமிருந்து வாசித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் தாங்க முடியாத மழை ஒன்று வரும்போது, எந்த இடம் முதலில் அழுக்காக வேண்டும் என்பது முன்னரே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. குறைந்த விலை குறிக்கப்பட்ட இடத்தின் கரையில் யார் வாழ்கிறார்கள்? அங்கே மீன்பிடிப்பவர்கள் இருக்கிறார்களா? அவர்களிடம் யாராவது கேட்டார்களா? பழைய முறையில் கழிவு எங்கே வழிகிறது என்பதைப் புவியீர்ப்பும் நூறாண்டுக்கு முந்திய கட்டுமானமும் தீர்மானித்தன. புதிய முறையில் அதைத் தீர்மானிப்பது ஒரு மனிதர் மென்பொருளில் இட்ட எண். சூழலியல் அறிவு அந்த எண்ணுக்கு உதவும். ஆனால் ஓர் ஊரின் குளியல் துறைக்கும் இன்னோர் ஊரின் மீன்துறைக்கும் இடையிலான விலையை அறிவியல் மட்டும் தனியே சொல்லிவிடாது.

எனவே உகப்பாக்கத்தை வாங்கும் எந்த நகரமும் அந்த விலைப் பட்டியலை மக்கள் முன் வைக்க வேண்டும். வரவுசெலவுத் திட்டத்தை விவாதிப்பதுபோல அதையும் விவாதிக்க வேண்டும். "கணினி அப்படித்தான் முடிவெடுத்தது" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

கணக்கு கைவிடும் இடங்கள்

இந்தத் தொழில்நுட்பத்தை விற்பவர்கள் சத்தமாகச் சொல்லாத எல்லைகள் சில உண்டு.

முதலாவது, மென்பொருளால் ஒரு லீற்றர் இடத்தைக்கூடப் புதிதாக உண்டாக்க முடியாது. இருக்கும் வெற்றிடத்தைத் தேடிப் பயன்படுத்த மட்டுமே முடியும். நகரத்தின் ஒரு பகுதியில் பெய்யும் நடுத்தர மழைகளில் அதன் நன்மை அதிகம். எல்லாக் குழாய்களும் ஒரே நேரத்தில் நிரம்பிவிட்டால் எந்த ஏலமும் உதவாது. 2011 ஜூலை 2ஆம் திகதி கோப்பன்ஹேகனில் மூன்று மணிநேரத்துக்குள் சில இடங்களில் 150 மில்லிமீற்றர் வரை மழை கொட்டியது. வீதிகளும் நிலக்கீழ் அறைகளும் மருத்துவமனைகளும்கூட வெள்ளத்தில் சிக்கின. அடுத்த ஆண்டு அந்நகரம் வெளியிட்ட பெருமழை முகாமைத்துவத் திட்டம், நீரைத் தேக்கும் பூங்காக்களையும் நீரைக் கடத்தும் வீதிகளையும் சுரங்கங்களையும் கட்டச் சொன்னது. கணக்கில் வல்ல நகரம் நிலத்தையும் தோண்ட வேண்டியிருந்தது. சவுத் பெண்டும் 276 மில்லியன் டொலருக்குக் கட்டுமான வேலையைச் செய்யத்தான் வேண்டும்.

இரண்டாவது, கழிவுநீர்க் குழாய் என்பது மின்னணுக் கருவி வாழத் தகுந்த இடமல்ல. அரிக்கும் வாயு, ஈரம், கொழுப்பு, கருவியில் சுற்றிக்கொள்ளும் துணித்துண்டு எல்லாம் அங்கே உண்டு. துடைக்கப்படாத உணரி, வறண்ட குழாயை நிரம்பியதென்று சொல்லும். அதை நம்பிக் கணினி தவறான வால்வைத் திறக்கும். ஆகவே உணரிகளை வாங்கும் பணத்தைவிட, அவற்றை ஆண்டாண்டாகத் துடைத்துப் பராமரிக்கும் ஆட்களும் ஒழுங்கும்தான் முக்கியம். தொடர்பு அறுந்தால் அல்லது அளவீடுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், ஒவ்வொரு வால்வும் தானாகவே பழைய பாதுகாப்பான நிலைக்குத் திரும்பும்படி அமைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, இப்போது பரவலாகப் பேசப்படும் செயற்கை நுண்ணறிவு. முந்தைய ஆண்டுகளின் மழையையும் ஓட்டத்தையும் படித்து, நாளைய ஓட்டத்தைச் சொல்ல நரம்பியல் வலையமைப்புகள் பயன்படுகின்றன. வழக்கமான நாட்களில் அவை நன்றாகவே கணிக்கின்றன. ஆனால் இதுவரை கண்டிராத மழை ஒன்று வரும்போது, படித்த பாடத்தில் அதற்கு உதாரணம் இருக்காது. எச்சரிக்கை ஆகக் கூடுதலாகத் தேவைப்படும் நாளில்தான் அவை தடுமாறக்கூடும். நீரோட்டத்தின் பௌதிக விதிகளில் அமைந்த மாதிரிகளைப் பொறியியலாளர்கள் இன்னும் கைவிடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது, தொலைவிலிருந்து திறக்கக்கூடிய வால்வைத் தகாதவரும் திறக்கலாம். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உள்ள மறூச்சி நகரப் பகுதியில் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கழிவுநீர்ப் பம்பிகள் காரணமின்றி நின்றன, எச்சரிக்கைகள் வராமல் போயின. பல வாரங்கள் கருவிப் பழுது என்றே நினைத்தார்கள். கடைசியில், அத்தொகுதியைப் பொருத்திய நிறுவனத்தில் முன்னர் வேலை செய்து, உள்ளூராட்சி நிர்வாகத்தில் வேலை கேட்டுக் கிடைக்காத ஒருவர், மடிக்கணினியும் வானொலிக் கருவியும் வைத்துக் கட்டளைகளை அனுப்பியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 8 இலட்சம் லீற்றர் கழிவு பூங்காக்களிலும் நீரோடைகளிலும் ஒரு விடுதி வளவிலும் பாய்ந்திருந்தது. அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்தத் தொகுதியில் செயற்கை நுண்ணறிவு எதுவும் இருக்கவில்லை. சாதாரணத் தொலைக் கட்டுப்பாடே அவ்வளவு சேதத்துக்குப் போதுமானதாக இருந்தது.

எங்களுக்கு இதில் என்ன?

இலங்கையில் குழாய்வழிக் கழிவகற்றல் வசதி உள்ளவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். அவர்களிலும் பெரும்பாலானோர் கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்கள். கொழும்பின் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி பிரித்தானியர் காலத்தில், 1906 முதல் கட்டப்பட்டது. அதன் முனைகள் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் இறங்குகின்றன. பம்பி நிலையங்களை நம்பி இயங்கும் பழைய தொகுதி அது. மழைநீருக்கு வேறு வடிகால் உள்ள நகரங்களிலும், வெடிப்புகளாலும் கள்ள இணைப்புகளாலும் மழை கழிவுக் குழாய்க்குள் புகுந்துவிடும். ஆகவே அப்படிப்பட்ட இடங்களில் சவுத் பெண்டின் முதல் கட்டத்தை, அதாவது அளந்து பார்ப்பதை மட்டுமாவது, செய்யத் தொடங்கலாம்.

யாழ்ப்பாணம் போன்ற இடங்களின் நிலை வேறு. சுண்ணக்கல்லின் மேல் அமைந்த ஒரே வளவில் கிணறும் இருக்கிறது, மலசலகூடக் குழியும் இருக்கிறது. இங்கே ஏலம் கூற வால்வும் இல்லை, பெருங்குழாயும் இல்லை. வழிதல் இங்கே ஆற்றில் நடப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தடி நீரில் நடக்கிறது. குழி நிரம்பிய பின் பவுசருக்குத் தொலைபேசி எடுத்து, அது வரும்வரை காத்திருக்கிறோம். எந்த வட்டாரத்தில் எத்தனை குழிகள், எவை கிணற்றுக்கு எவ்வளவு அருகில், மாரிக்கு முன் எவற்றை இறைக்க வேண்டும், ஏற்றிய கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்பவற்றை எழுதி வைத்தால், பவுசர்களை முறைவைத்து அனுப்புவதும் ஓர் உகப்பாக்கமே. அதற்கு உணரிகூடத் தேவையில்லை. ஒரு பதிவேடும் அதை நேர்மையாக நிரப்பும் ஆட்களும் போதும்.

சவுத் பெண்டின் கதையில் பெரும்பாலானவர்கள் நினைவில் வைத்திருப்பது அந்தக் குழாய்ச் சந்தையையும் மிச்சமான டொலர்களையும்தான். எனக்கு நினைவில் நிற்பது அதற்கு முந்திய கட்டம். மழையில்லாத நாளிலும் கழிவு ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்ததை அந்நகரம் முதன்முதலாகக் கண்டது. அதற்குத் தேவைப்பட்டது மூடியைத் திறந்து பார்ப்பதும், பார்த்ததை எழுதி வைப்பதும், எழுதியதைக் கண்டு ஆளனுப்புவதும் மட்டுமே. அடுத்த முறை எந்தச் சபையாவது "ஸ்மார்ட்" கழிவுநீர்த் திட்டம் ஒன்றுடன் எங்களிடம் வந்தால் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். இப்போது எங்கே எவ்வளவு வழிகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாத நாளில் யாருடைய தண்ணீர் முதலில் அழுக்காகும் என்று தீர்மானித்தவர் யார்?